பள்ளிக் கோளரங்கத்துக்கு எந்த ப்ரொஜெக்டர் முறை: மீன்கண் லென்ஸா, குவி ஆடியா, பல ப்ரொஜெக்டர்களா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய தேர்வுக் கூடத்தைச் சிறு கோளரங்கமாக மாற்றித் தர முன்வந்திருக்கிறார்கள். ஒரு நடுத்தரக் கார் வாங்கும் அளவுக்குத் தொகை சேர்ந்துள்ளது. கூடம் 30 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்டது. தரையிலிருந்து மேல்தளம் வரை 16 அடி உயரம். ஆகவே 20 அடி விட்டம், அதாவது ஏறக்குறைய 6 மீட்டர் கொண்ட குவிமாடத்துக்கு மேல் போக வழியில்லை.

சென்னை கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இயங்குகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது ஓர் இரவு ரயில் பயணம். திருவனந்தபுரம் பக்கம்தான் என்றாலும், தமிழ் வழியில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே கேட்கும் விளக்கவுரை எந்த அளவுக்கு மனத்தில் தங்கும் என்பது ஐயமே. ஆகவே சிறியதாயினும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இதுவரை மூன்று விற்பனையாளர்கள் வந்து பேசினார்கள். முதலாமவர், 4கே ப்ரொஜெக்டர் ஒன்றில் மீன்கண் லென்ஸை, அதாவது அரைக்கோளம் முழுவதும் படத்தைப் பரப்பும் லென்ஸைப் பொருத்திக் குவிமாடத்தின் நடுவில் வைத்தால் போதும் என்கிறார். இரண்டாமவர், அதில் கூர்மை வராது, விளிம்பைச் சுற்றிப் பல ப்ரொஜெக்டர்களை வைத்துப் படங்களை ஒட்டவைப்பதே முறை என்கிறார். மூன்றாமவர், சாதாரண வகுப்பறை ப்ரொஜெக்டரின் ஒளியைக் குவி ஆடி ஒன்றின் மேல் விழச்செய்து குவிமாடம் முழுவதும் பரப்பிவிடலாம் என்று மிகக் குறைந்த விலை சொல்கிறார். மூவரும் தந்த விவரத்தாள்களில் லூமென் (ஒளியின் அளவு), கான்ட்ராஸ்ட் (வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள ஒளி விகிதம்), பிக்சல் என எண்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் எதை நம்புவது, எதைக் கேள்வி கேட்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றி உடையவனாவேன்.

குவிமாடக்காரன் எழுதியது:

ஐயா, வணக்கம். பல ஆண்டுகள் சிறிய, நடுத்தர அளவுக் குவிமாடங்களில் ப்ரொஜெக்டர்களைப் பொருத்திச் சரிசெய்யும் பணியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த 4கே என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் படம் 3840க்கு 2160 பிக்சல் கொண்ட நீள்சதுரம். குவிமாடத்துக்கு வேண்டியதோ வட்டம். நீள்சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு வட்டத்தின் விட்டம் 2160 பிக்சல்தான். மொத்தம் 83 லட்சம் பிக்சல்களுக்கு விலை கொடுக்கிறீர்கள். வட்டத்துக்குள் வருபவை 37 லட்சத்துக்கும் குறைவு, அதாவது 44 விழுக்காடு. மீதி ஒளி லென்ஸுக்குப் பின்னால் வீணாகிறது. கோளரங்கத் துறையில் 4கே என்று சொன்னால் விட்டமே 4096 பிக்சல் கொண்ட வட்டப் படத்தைக் குறிக்கும். டோம் மாஸ்டர் என்று அதற்குப் பெயர். விற்பனையாளர் இந்த இரண்டு 4கேக்களையும் ஒன்றாக்கிப் பேசினால், தெரிந்தே பேசுகிறார் என்று கொள்ளலாம்.

இந்த எண்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை நிலவை வைத்துச் சொல்கிறேன். முழுநிலவின் குறுக்களவு வானத்தில் அரைப் பாகை. ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை 180 பாகையை 2160 பிக்சல்கள் பங்கிட்டுக்கொண்டால், நிலவுக்குக் கிடைப்பவை ஆறே பிக்சல்கள். 1920க்கு 1200 அளவுள்ள வகுப்பறை ப்ரொஜெக்டரில் மூன்றரை பிக்சல்கூடத் தேறாது. அந்த நிலவு பல்லுடைந்த தோசைக்கரண்டி போலத்தான் இருக்கும். நல்ல கண் ஏறக்குறைய ஒரு கலை அளவு, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பதால், 8192 பிக்சல் விட்டம் வந்தால்தான் படம் கண்ணின் எல்லைக்கு அருகே வருகிறது. பெரிய கோளரங்கங்கள் 8கே என்று ஓடுவதற்கு இதுவே காரணம். மங்களூருக்கு அருகே பிலிகுளாவில் 2018இல் திறந்த கோளரங்கம் அந்த வகையைச் சேர்ந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிக்சலை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றே சொல்வேன். சிறு குவிமாடத்தில் படத்தைக் கெடுப்பது கூர்மைக் குறைவைவிடக் கருமைக் குறைவுதான்.

1923இல் ஜெர்மனியின் ட்ஸைஸ் நிறுவனத்தில் வால்தர் பௌவர்ஸ்ஃபெல்ட் வடிவமைத்த முதல் கோளரங்கக் கருவியில், நுண்துளைகள் வழியே வந்த ஒளி மட்டுமே குவிமாடத்தில் விழுந்தது. துளை இல்லாத இடத்தில் ஒளியே இல்லை. ஆகையால் விண்மீன்களுக்கு இடையே உண்மையான இருள் இருந்தது. 1983இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் வந்த டிஜிஸ்டார் என்ற முதல் கணினிவழிக் கோளரங்கக் கருவிகூட, கதோடுக் கதிர்க் குழாயில் தேவையான புள்ளிகளை மட்டும் வரைந்ததால் கருமையைக் காப்பாற்றிக்கொண்டது, வண்ணம்தான் இல்லை. இன்றைய ப்ரொஜெக்டர் அப்படியில்லை. கருப்பைக் காட்டு என்று சொன்னாலும் அதன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது; உள்ளே இருக்கும் சில்லு ஒளியை இயன்றவரை மறைக்கிறது; மறைக்க முடியாதது சாம்பல் நிறமாகக் கசிகிறது.

உங்கள் குவிமாடத்துக்கே கணக்குப் போடலாம். 6 மீட்டர் அரைக்கோளத்தின் உட்பரப்பு ஏறத்தாழ 57 சதுர மீட்டர். 5000 லூமென் ப்ரொஜெக்டரிலிருந்து வட்டத்துக்குள் வருவது 2200. லென்ஸில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 1760. பரப்பு பாதி ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் வண்ணம் என்று கொண்டால், முழு வெண்மையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 5 கேண்டெலா. திரையரங்குத் தரமான 48இல் பத்தில் ஒரு பங்கு என்றாலும் குவிமாடத்துக்கு இது தாராளம். இப்போது கான்ட்ராஸ்ட் 2000க்கு 1 என்றால் கருப்பின் ஒளிர்வு 0.0025. அமாவாசை இரவில் ஊருக்கு வெளியே வயல்வெளியில் தெரியும் வானத்தைவிட இது பத்து மடங்குக்கும் மேல் வெளிச்சம். பிள்ளைகளின் கண் இருட்டுக்குப் பழகப் பழக இந்தச் சாம்பல் தூக்கலாகத் தெரியும்.

விவரத்தாளில் லட்சத்துக்கு 1, பத்து லட்சத்துக்கு 1 என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். முழுக்கருப்புப் படம் வரும்போது லேசரையே அணைத்துவிட்டு அளந்த எண் அது. திரையில் ஒரே ஒரு விண்மீன் தோன்றினாலும் லேசர் எரிந்தாக வேண்டும். அந்த எண் அத்தோடு போயிற்று. ஒரே படத்துக்குள் கிடைக்கும் இயல்பான கான்ட்ராஸ்ட் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ட்ஸைஸின் வெல்வெட் ப்ரொஜெக்டர் 25 லட்சத்துக்கு 1 என்பதை இயல்பான கான்ட்ராஸ்டாகவே தருகிறது; ஆனால் அது நம் போன்றவர்கள் விலை கேட்கும் பொருள் இல்லை. வீட்டுத் திரையரங்குக்கென்று வரும் எல்காஸ் (LCoS) என்ற சில்லு வகைக் கருவிகள் கூட்ட அறைகளுக்கான டிஎல்பி (DLP) சில்லு வகையைவிடக் கருமையில் மேல். ஒளி சற்றுக் குறையும். 6 மீட்டருக்கு அது குறையே இல்லை.

பல ப்ரொஜெக்டர்களை ஒட்டும் முறையை உங்கள் கூடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டையில் வெண்மையைக் கணினி சமன்செய்துவிடும். கருப்பைச் சமன்செய்ய அதனால் ஆகாது. இரண்டு சாம்பல்கள் கூடிய இடம் வானத்தில் வாழைநார் ஒட்டியதுபோல் தெரியும். அதை மறைக்க லென்ஸுக்கு முன் தகட்டு மறைப்பு வேண்டும். கேமரா வைத்து அவ்வப்போது மறுசீரமைப்புச் செய்ய வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் ஒரே படத்தைத் தர வேண்டும். பள்ளியில் இதையெல்லாம் யார் செய்வது? நான் வேலை செய்த ஒரு பள்ளியில் இத்தகைய அமைப்பு இரண்டாம் கோடையிலேயே சீர்குலைந்து, இன்று அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன.

என் தேர்வு: குவிமாடத்தின் நடுவில், நல்ல கான்ட்ராஸ்ட் உள்ள ஒற்றை லேசர் ப்ரொஜெக்டரும் மீன்கண் லென்ஸும். லென்ஸின் விலை ப்ரொஜெக்டரின் விலையைத் தாண்டினாலும் வியக்க வேண்டாம். அது பெரும்பாலும் அப்படித்தான்.

தெற்குவானம் எழுதியது:

குவிமாடக்காரன் அண்ணாச்சி சொன்ன கணக்குகளில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு.

பள்ளியின் தொகை ஒரு காரின் விலை என்றால், மீன்கண் லென்ஸும் அதற்கேற்ற ப்ரொஜெக்டரும் வாங்கிய பின் குவிமாடத்துக்கும் குளிரூட்டலுக்கும் கையில் ஒன்றும் நிற்காது. குவி ஆடி முறை ஏழைகளின் முறை என்று ஒதுக்கத் தக்கதன்று. ஆஸ்திரேலியாவின் பால் போர்க் அதைக் கணக்கிட்டு எழுதிவைத்திருக்கிறார். ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் மென்பொருளிலேயே ஆடியின் வளைவுக்கேற்பப் படத்தை முன்கூட்டியே திரிக்கும் வசதி இருக்கிறது. கருவிகள் ஓரத்தில் இருப்பதால் குவிமாடத்தின் நடுவிடம் பிள்ளைகளுக்கே கிடைக்கிறது. 6 மீட்டர் வட்டத்தில் நடுவே மேசை போட்டால் நான்கைந்து பிள்ளைகளின் இடம் போய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குறையும் உண்டு. ஆடியிலிருந்து குவிமாடத்தின் பக்கத்துச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் தொலைவு வேறுபடுவதால் எல்லா இடத்திலும் ஒரே கூர்மை கிடைக்காது. ஆடி முன்பரப்பில் பூச்சுப் பூசியதாக இருக்க வேண்டும். தெரு முனைகளில் வைக்கும் குவி ஆடியைக் கொண்டுவந்தால் ஒவ்வொரு விண்மீனும் இரட்டையாகத் தெரியும். முன்பரப்புப் பூச்சைத் துணியால் துடைத்தால் கீறிவிடும் என்பதால், ஆர்வக்கோளாறில் யாரும் துடைக்காதபடி பூட்டி வைக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. நம் அட்சரேகை ஏறத்தாழ 8.7 பாகை வடக்கு. ஆகவே துருவ நட்சத்திரம் நம் அடிவானத்துக்கு மேல் ஒன்பது பாகை அளவில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் உயரம்கூட இல்லை. மறுபக்கம், சித்திரைக் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் தென்சிலுவை, அதாவது நாம் திரிசங்கு என்பது, அதன் அடிமீன் 18 பாகையில் இருக்கிறது. அகத்தியர் நட்சத்திரமாகிய கனோபஸ் உச்சிக்கு வந்தாலும் 29 பாகையைத் தாண்டாது. பொதிகையடியில் இருந்துகொண்டு அகத்தியரை மங்கலாகக் காட்டினால் ஊர் மன்னிக்குமா? இரு துருவப் பக்கத்து வானமும் தெரிவதே நம் ஊரின் சிறப்பு. அந்தச் சிறப்பெல்லாம் குவிமாடத்தின் விளிம்பை ஒட்டியே இருக்கிறது. மீன்கண் லென்ஸ் மங்கலாவதும் அந்த விளிம்பில்தான். ஆகவே எதை வாங்கினாலும், உச்சியில் கூர்மையைக் காட்டும் விற்பனையாளரிடம் அடிவானத்திலிருந்து பத்தாவது பாகையில் காட்டச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. விளிம்பைப் பற்றிய செய்தி என் மனத்தில் தோன்றாத ஒன்று. இரண்டு துணைக் கேள்விகள். குவிமாடத்தைத் துணியில் ஊதிக் கட்டலாமா, நிலையாகச் செய்யலாமா? ஆயத்தமாகக் கிடைக்கும் திரைப்படங்களை வாங்குவதற்குத் தனித் தொகை ஒதுக்க வேண்டுமா?

கடலோரத் தச்சன் எழுதியது:

ஐயா, இரண்டு குவிமாடங்களுக்கு மரச்சட்டமும் ஃபைபர் உறையும் செய்த அனுபவம் எனக்கு உண்டு.

ஊதிக் கட்டுவது ஊர் ஊராகக் கொண்டுபோவதற்கு ஏற்றது. நிலையான கூடத்தில் நாள்தோறும் விசிறி ஓடும் இரைச்சலோடு ஆசிரியர் கத்திப் பேச வேண்டியிருக்கும்; மின்சாரம் போனால் வானம் தலையில் இறங்கும். துளையிட்ட அலுமினியத் தகடுதான் முதல் தரம், ஏனென்றால் ஒலியும் காற்றும் துளைகள் வழியே போய்விடும். அது உங்கள் தொகைக்கு எட்டாது என்றால் கண்ணாடி இழைதான் வழி. நம் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்களின் கைக்கு இந்த வளைவு புதிதன்று. ஒரே அச்சில் ஆரஞ்சுச் சுளை போலப் பன்னிரண்டு துண்டுகள் எடுத்து, கூடத்துக்குள்ளேயே கோத்து, மூட்டுகளை மக்குப் பூசித் தேய்த்துவிடலாம். தேய்ப்பில் அவசரப்படக் கூடாது; பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் பார்த்தால் தெரியும் மேடு ஒவ்வொன்றும் வானத்தில் தழும்பாகத் தெரியும்.

வெள்ளை அடிக்காதீர்கள் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். குவிமாடத்தின் ஒரு பக்கத்தில் விழும் ஒளி எதிர்ப்பக்கத்துக்குத் தெறித்து அங்குள்ள கருப்பை வெளுக்கச் செய்யும். பளபளப்பற்ற நடுச்சாம்பல் வண்ணம் அடித்தால் படத்தின் ஒளி சற்றுக் குறையும். தெறிப்பு அதைவிட அதிகமாகக் குறையும். தரையிலும் இதே நியாயம். பிள்ளைகளைப் படுக்கவைத்துக் காட்டப் பத்தமடைப் பாய்தான் விரிக்க வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர் ஆசைப்பட்டு விரித்தார். கோரையின் வெளிர்நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பியதால் மேலே கருந்துணி விரிக்கும்படி ஆயிற்று. பாயின் மெத்தென்ற சுகம் மட்டும் மிஞ்சியது.

கடினமான குவிமாடத்தில் ஒலி நடுவில் குவியும். ஓரத்தில் ஒரு பிள்ளை முணுமுணுத்தால் எதிர் ஓரத்தில் தெளிவாகக் கேட்கும். ஓரச் சுவரைச் சுற்றிக் கனத்த கருந்திரை தொங்கவிட்டால் பாதித் தொல்லை அடங்கும். விசிறிக் காற்றை நம்ப வேண்டாம். அடைத்த அறையில் 30 பிள்ளைகள் இருந்தாலே ஏறக்குறைய இரண்டு, மூன்று கிலோவாட் வெப்பம் வெளிப்படும். ஒரு டன் குளிர்சாதனம் நீக்குவது 3.5 கிலோவாட், கூரையிலிருந்து இறங்கும் அக்கினி நட்சத்திர வெயிலையும் கூட்டினால் இரண்டு டன்னுக்குக் குறையாமல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் எடுத்து வையுங்கள். அவசர வழி இரண்டு பக்கமும் இருக்கட்டும். அங்கே மங்கிய சிவப்பு விளக்கு போதும், இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கெடுக்காது.

குவிமாடக்காரன் எழுதியது:

தச்சர் சொன்னதில் சாம்பல் வண்ணத்தை நான் இருமடங்கு வழிமொழிகிறேன்.

படங்களுக்குத் தொகை ஒதுக்க வேண்டாம். ஐரோப்பிய தெற்கு வான்காணகம் தன் குவிமாடப் படங்கள் பலவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது. ஆனால் வட ஐரோப்பாவை மனத்தில் வைத்து எடுத்த பொதுப் படங்களில் துருவ நட்சத்திரம் பாதி வானத்துக்கு மேல் நிற்கும். சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை. நம் பிள்ளை அன்றிரவு மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் பொய்யாகும். ஸ்டெல்லேரியத்தில் அம்பாசமுத்திரத்தின் ஆயத்தொலைவைக் கொடுத்தால் அந்த ஊர் வானமே வருகிறது. பள்ளி மாடியில் நின்று சுற்றுப்புறத்தை முழுவட்டமாகப் படமெடுத்து, வானத்தை மட்டும் வெட்டிவிட்டு அடிவானமாகச் சேர்க்கலாம். மேற்கே மலைத்தொடரும் கிழக்கே வயலும் தெரிய, அதற்கு மேல் கார்த்திகை மீன்கள் எழுந்தால், பிள்ளைகளுக்குத் திசை சொல்லித்தர வேண்டியதில்லை.

படத்தை ஓடவிட்டு ஆசிரியர் வெளியே போய்விடும் கோளரங்கம் ஓராண்டில் அலுத்துவிடும். உங்களைப் போல ஒருவர் உள்ளே நின்று, எங்கள் ஊர் மீனவர் கேட்ட கேள்வி இது என்று தொடங்கிப் பேசினால் அந்த ஒரு மணி நேரமும் தனி. ஆகவே குவி ஆடியைப் பற்றிய என் முடிவைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். தொகையில் பெரும்பங்கைக் குவிமாடப் பரப்புக்கும் இருட்டுக்கும் குளிரூட்டலுக்கும் செலவிட்டு, ஆடியில் தொடங்குங்கள். பரப்பு நன்றாக அமைந்துவிட்டால் நான்கைந்து ஆண்டு கழித்து ப்ரொஜெக்டரை மாற்றுவது ஒரு நாள் வேலை. பரப்பு மோசமாக இருந்தால் எந்த ப்ரொஜெக்டரும் அதைக் காப்பாற்றாது. கடைசியாக, இடையில் மின்சாரம் போனால் விளக்கு வகை ப்ரொஜெக்டர் குளிரும் முன்பே அணைந்து கெடும் என்பதால், லேசர் வகையையே வாங்கி அதற்கும் கணினிக்கும் சேர்த்து யூபிஎஸ் வையுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

நண்பர்களே, இன்று முன்னாள் மாணவர்களோடு பேசினேன். ஃபைபர் குவிமாடம், சாம்பல் வண்ணம், இரண்டு டன் குளிர்சாதனம் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குவது என்றும், எஞ்சியதில் முன்பரப்பு ஆடியும் லேசர் ப்ரொஜெக்டரும் வாங்குவது என்றும் முடிவாயிற்று. உவரிப் பக்கம் வள்ளம் கட்டும் ஒருவரை அச்சு பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம்.

ப்ரொஜெக்டர் விற்பவர்கள் இருவரை வரும் சனிக்கிழமை மாலை, பொழுது சாய்ந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். கூடத்தின் சன்னல்களைக் கருந்துணியால் மூடி, அரைமணி நேரம் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்த பிறகு, கருப்புப் படத்தில் ஒரே ஒரு விண்மீனை, அதுவும் அடிவானத்திலிருந்து பத்தாவது பாகையில் காட்டும்படி கேட்கப்போகிறேன். ஒருவர் சம்மதித்துவிட்டார். மற்றவர், பகலிலேயே வந்து காட்டுகிறேன் என்கிறார்.

தெற்குவானம் எழுதியது:

பகலில் வருகிறேன் என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சனிக்கிழமை ஆடியைப் பொருத்திப் பார்க்கும்போது அதை வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் மாற்றி வைத்துச் சோதியுங்கள். எந்தப் பக்கம் படம் மங்குகிறதோ அந்தப் பக்கத்தைக் கிழக்காகவோ மேற்காகவோ திருப்பிக்கொண்டால், துருவமும் திரிசங்கும் இரண்டுமே தப்பும்.